பிளஸ் 2 முடித்ததும் ஓசூர் பஸ்ஸா, காலேஜ் பஸ்ஸா? பாலக்கோடு வீடுகளின் மே மாதக் கணக்கு

மே மாதம் பிளஸ் 2 ரிசல்ட் வந்த இரண்டு மூன்று நாளில் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம் பக்கத்திலிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் ஒரு போன் போகும். பேசுவது சித்தியாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம். கேள்வி மட்டும் ஒன்றுதான். "பையன் பாஸ் பண்ணிட்டான்ப்பா. ஓசூர்ல கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்களாம், பஸ்ஸு, சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்களாம். அனுப்பட்டுமா, இல்ல காலேஜ்ல சேக்கட்டுமா?"

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு இந்த போன் வந்திருக்கும். குடும்பத்தில் முதல் டிகிரி, கையில் ஸ்மார்ட்போன், மாதம் பிறந்தால் சம்பளம். இந்த மூன்றும் இருந்தால் சொந்தக்காரர்களுக்கு நீங்கள்தான் கவுன்சலிங் சென்டர்.

"படிக்க வைங்க சித்தி" என்று சொல்லிவிட்டு போனை வைப்பது சுலபம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் அந்த வீடு எவ்வளவு பணத்தை விட வேண்டியிருக்கிறது என்று நாம் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. இங்கே அதைப் போட்டுப் பார்ப்போம்.

ஏன் பாலக்கோடு?

தர்மபுரிக்கும் ஓசூருக்கும் நடுவில், ராயக்கோட்டை போகும் வழியில் இருக்கிற ஊர். சேலம் - பெங்களூரு ரயில் பாதையும் ஊர் வழியாகத்தான் போகிறது. தமிழ்நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று இங்கே இருக்கிறது. தக்காளி விலை செய்தி வரும் நாட்களில் பாலக்கோடு பெயரும் கூடவே வரும். திம்மனஹள்ளியில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. மாந்தோப்புகள் இருக்கின்றன. சின்னாற்றில் தண்ணீர் வந்தால் கொஞ்சம் தெம்பு, வராவிட்டால் போர்வெல்.

ஓசூரும் ஒரு காலத்தில் தர்மபுரி மாவட்டம்தான். 1970-களில் சிப்காட் வந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று தொழிற்சாலைகள் அங்கே பெருகின. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அந்தத் தொழிற்சாலைகள் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. இந்தப் பக்கம் பெரும்பாலும் விவசாயம்தான் மிஞ்சியது. நல்லம்பள்ளி தாலுகாவில் தடங்கம், அதகப்பாடி பகுதியில் சிப்காட் தொழிற்பூங்கா வரப்போகிறது என்ற பேச்சு பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த மே மாதம் முடிவெடுக்க வேண்டிய வீட்டுக்கு அந்தப் பேச்சால் பயனில்லை.

இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5%. மாநில சராசரி 80%. தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். அன்று எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று குறிக்கப்பட்ட பெரியவர்களில் பலர் இன்று பிளஸ் 2 முடிக்கும் பிள்ளைகளின் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி. விண்ணப்பப் படிவத்தை வீட்டில் யாரும் படித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் அந்த போன் உங்களுக்கு வருகிறது.

தக்காளிப் பணம் எப்ப வரும்?

மாதச் சம்பளக்காரருக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. வருமானம் குறைவாக இருப்பது ஒரு கஷ்டம். எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாமல் இருப்பது வேறொரு கஷ்டம். தக்காளி போட்ட வீட்டில் இரண்டும் உண்டு.

நாற்று நட்டு, குச்சி ஊன்றி, கட்டிவிட்டு, மருந்தடித்து, காய் எடுக்க இரண்டு இரண்டரை மாதம் ஆகும். அதுவரை எல்லாம் கடன். உரக்கடையில் கணக்கு, மருந்துக்கடையில் கணக்கு, மகளிர் குழுவில் தவணை. இங்கே ஒரு தகவல். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் முதலில் தொடங்கியதே தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான இஃபாட் உதவியோடு. இன்றும் பல வீடுகளில் காலேஜ் அட்மிஷன் பணம் குழுக் கடனாகத்தான் புரள்கிறது.

காய் பறிக்கும்போது விலை என்ன என்பது யார் கையிலும் இல்லை. 2023 ஜூலையில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனது நினைவிருக்கும். அந்த மாதம் செடியில் காய் இருந்தவருக்கு காலேஜ் பீஸ் ஒரு பொருட்டே இல்லை. ஒரு மாதம் தள்ளி நட்டவருக்கு அந்த விலை கிடைத்திருக்காது. விலை சரிந்த வருஷங்களில் பறிக்கும் கூலிக்கே கட்டாது என்று காயைச் செடியிலேயே விட்டவர்களும், ஆடு மாட்டுக்குப் போட்டவர்களும் உண்டு. தக்காளியைக் கூழாக்கிப் பதப்படுத்த ஒரு தொழிற்சாலை வேண்டும் என்பது இந்தப் பகுதி விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. ஒவ்வொரு தேர்தலிலும் அது பேசப்படுகிறது.

இதற்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாகவே இருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் என்ற நான்கு ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஒரே விவசாயிக்கு அறுவடைக்கு முன், கையில் காசில்லாதபோது ஒரு முறை, அறுவடைப் பணம் வந்த பிறகு ஒரு முறை, யோசித்துச் செய்யும் சோதனைகள் வைத்தார்கள். பணம் வந்த பிறகு அதே ஆள் தெளிவாகச் செய்தார். பிறகு இந்த முடிவின் மீது விவாதங்களும் நடந்திருக்கின்றன. ஆனாலும் கடன் தவணை நாளுக்கு முந்தின இரவு தூங்காத யாருக்கும் அது சொல்வது புரியும். பணக் கவலை மூளையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது.

இப்போது மே, ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். காலேஜ் விண்ணப்பத்துக்குக் கடைசி தேதி, ஸ்கூல் போகும் தம்பி தங்கைக்கு நோட்டு, விதைப்புச் செலவு எல்லாம் ஒன்றாக வரும் மாதங்கள். பிள்ளையின் அடுத்த நாற்பது வருஷத்தைப் பற்றிய முடிவை வீடு இந்த நெருக்கடியில் எடுக்கிறது. "அவங்களுக்கு விவரம் பத்தாது" என்று சொல்லிவிடுகிறோம். விவரம் இருக்கிறது. உட்கார்ந்து யோசிக்க அவகாசம்தான் இல்லை.

பீஸ்தான் பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. கேட்க ஆச்சரியமாக இருக்கலாம். அரசுக் கல்லூரியாக இருந்தால், படிப்புக்கான கட்டணத்தைப் பல வழிகளில் அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது.

அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. தர்மபுரியில் 1965-ல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. காரிமங்கலத்தில் பெண்களுக்கான அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. இன்ஜினீயரிங் என்றால் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி. ஆறு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5% ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-லிருந்தும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்றவற்றுக்கு 2021-லிருந்தும் இருக்கிறது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் அரசுடையது.

குடும்பத்தில் பட்டதாரியே இல்லை என்றால் முதல் பட்டதாரி சலுகை உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அரசுக் கல்லூரி மாணவருக்கு பஸ் பாஸ் இலவசம்.

இதற்கு மேல் மாதம் 1,000 ரூபாய். பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன். ஆறு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உரியது. டிகிரிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தாலும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைத் தடுக்க மாட்டார்கள். பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. அஞ்சல் வழியில் சேரச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுங்கள்.

புதுமைப் பெண் திட்டம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண நிதியுதவித் திட்டத்தைத்தான் மாற்றி இப்படி ஆக்கினார்கள். தாலிக்குத் தங்கம் தந்த காசு, மாதாமாதம் படிப்புக்கு வருகிறது. தர்மபுரி மாதிரி, பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் முடித்துவிடும் வழக்கம் விடாத மாவட்டத்தில் அந்த மாற்றம் சின்ன விஷயமில்லை.

அப்போது வீடுகள் பீஸுக்காக ஏன் கடன் வாங்குகின்றன? இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. முதல் பட்டதாரி சலுகையும் 7.5% ஒதுக்கீடும் ஒற்றைச் சாளர கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. ரிசல்ட் வந்த வாரமே ஏஜென்ட் வீட்டுக்கு வருவார். "கவுன்சலிங்குக்கு எதுக்கு அலையறீங்க, சீட் ரெடியா இருக்கு, பத்தாயிரம் கட்டுங்க போதும்" என்பார். அந்தப் பத்தாயிரத்தோடு நான்கு வருஷக் கல்விக் கட்டணச் சலுகையும் போய்விடும். ஒரிஜினல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டால், பிறகு நல்ல இடம் கிடைத்தாலும் நகர முடியாது. என்னைக் கேட்டால், ஊருக்குச் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான். கவுன்சலிங் முடியும் வரை யாரிடமும் முன்பணம் வேண்டாம், ஒரிஜினலும் வேண்டாம்.

அப்படியானால் உண்மையான செலவு எது?

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் வீட்டு எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

பிளஸ் 2 முடித்த பையன் ஓசூரில் வேலைக்குப் போகிறான். கையில் 15,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரூம், சாப்பாடு, போன் 5,000. வீட்டுக்கு 10,000. வருஷத்துக்கு 1,20,000. மூன்று வருஷத்தில் 3,60,000.

அதே பையன் அரசுக் கலைக் கல்லூரியில் சேர்கிறான். மதியச் சாப்பாடு, ரெகார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம், ரீசார்ஜ், உடுப்பு எல்லாம் சேர்த்து மாதம் 2,000. அதில் 1,000 அரசு தருகிறது. வீடு போடுவது 1,000. மூன்று வருஷத்துக்கு 36,000.

ஆக, டிகிரியின் விலை 36,000 இல்லை. வராமல் போன 3,60,000-ஐயும் சேர்த்து ஏறக்குறைய நாலு லட்சம். அதில் பத்தில் ஒன்பது பங்கு, எந்த ரசீதிலும் இல்லாத செலவு. எந்தத் திட்டமும் அதை ஈடுகட்டுவதில்லை. கல்வி உதவி பற்றி நாம் பேசுவதெல்லாம் மீதி ஒரு பங்கைப் பற்றித்தான். சித்திக்கு இந்தக் கணக்கு தெரியும். பேப்பரில் போட்டுப் பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

கணக்கை இன்னும் ஒரு அடி எடுத்துப் போகலாம். டிகிரி முடித்து அவன் வாங்கும் சம்பளம், படிக்காமல் போயிருந்தால் வாங்கியிருக்கும் சம்பளத்தைவிட மாதம் 10,000 கூடுதல் என்றால், அந்த நாலு லட்சம் மூன்றேகால் வருஷத்தில் திரும்பி வந்துவிடும். 5,000 கூடுதல் என்றால் ஆறரை வருஷம். கூடுதலே இல்லை, டிகிரி முடித்துவிட்டு அதே லைனில் அதே 15,000-க்கு நிற்கிறான் என்றால்? எப்போதும் திரும்பாது. பி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்கள் பிளஸ் 2 முடித்தவர்களோடு ஒரே பஸ்ஸில் ஒரே ஷிப்டுக்குப் போவதை ஓசூரில் யாரும் பார்க்கலாம். அதனால் "படிப்பா, வேலையா?" என்ற கேள்வியே கொஞ்சம் தவறான கேள்வி. எந்தப் படிப்பு, அது எந்த வேலைக்கு, எத்தனை வருஷத்தில் கொண்டுபோய் விடும் என்பதைக் கேட்க வேண்டும்.

டிகிரி முடிச்சும் வேலை இல்லைன்னு சொல்றாங்களே?

உண்மைதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனிதவள மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-ல் பட்டதாரி இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் 29.1%. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4% மட்டுமே. படித்தால் வேலை கிடைக்காது என்று இதை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். அது அப்படிச் சொல்லவில்லை. வேலை தேடிக்கொண்டு காத்திருக்க வசதி உள்ளவர்தான் வேலையில்லாதவர் கணக்கில் வருகிறார். இல்லாதவர் மறுநாளே மண்வெட்டி எடுக்கிறார், சித்தாள் வேலைக்குப் போகிறார், கணக்கில் 'வேலை உள்ளவர்' ஆகிவிடுகிறார்.

தமிழ்நாட்டில் காலேஜ் சேர்வது பெரிய அளவில் நடந்துவிட்டது. 2021-22 உயர்கல்வி ஆய்வறிக்கைப்படி இங்கே உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47%. நாட்டின் சராசரி 28.4%. சேர்ந்தவர்கள் எல்லோரும் எங்கே போகிறார்கள்? ஒரு பெருங்கூட்டம் டி.என்.பி.எஸ்.சி. வாசலில் நிற்கிறது. 2024 குரூப் 4 தேர்வு 6,244 இடங்களோடு அறிவிக்கப்பட்டது, பிறகு இடங்கள் கூட்டப்பட்டன. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அந்தத் தேர்வுக்குப் படிப்பதில் தப்பில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி கூட உண்டு. ஆனால் வீட்டில் கடன் இருக்கும்போது அதை மட்டும் நம்பி மூன்று நான்கு வருஷம் உட்காருவது, தக்காளி விலை ஏறும் என்று நம்பி இன்னொரு ஏக்கர் குத்தகைக்கு எடுப்பது மாதிரிதான்.

ஓசூர் வேலை மோசமா?

இல்லை. அப்படிச் சொல்வது அந்த வேலையைச் செய்பவர்களை அவமதிப்பது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கடந்த சில ஆண்டுகளில் வந்த எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிக் வாகனத் தொழிற்சாலைகள் இளம்பெண்களுக்கு ஆயிரக்கணக்கில் வேலை தந்திருக்கின்றன. டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ஜார்க்கண்டிலிருந்து கூட பெண்கள் வந்து சேர்ந்தது 2022-ல் செய்தியானது. போச்சம்பள்ளியில் ஓலா ஆலையைப் பெண்களை வைத்தே நடத்துவோம் என்று 2021-ல் அறிவித்தார்கள். பிளஸ் 2 முடித்த பெண்ணுக்கு வீட்டில் அடுத்த பேச்சு கல்யாணம்தான் என்றால், ஓசூர் வேலை அவளுக்கு மூன்று நான்கு வருஷ அவகாசம் வாங்கித் தருகிறது. அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அதில் அவள் சம்பளம். முன்பு நூற்பாலைகளில் 'சுமங்கலி' என்ற பெயரில், மூன்று வருஷம் முடித்தால்தான் மொத்தமாகப் பணம் என்று ஏழை மாவட்டங்களிலிருந்து பெண்களை அழைத்துப் போனார்களே, அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

ஆனால் அந்த வேலையில் சேரும் முன் சில கேள்விகள் கேட்டே ஆக வேண்டும். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? போர்டில் இருக்கும் பெரிய கம்பெனியின் பெயரா, ஆள் சப்ளை செய்யும் ஒப்பந்ததாரரின் பெயரா? ஊரில் "அந்தக் கம்பெனியில வேலை" என்று சொல்வார்கள். சீட்டைப் பார்த்தால் வேறு பெயர் இருக்கும். ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடியலாம். அதற்காக ஒப்பந்தத் தொழிலாளிக்கு உரிமையே இல்லை என்று அர்த்தமில்லை. ஒப்பந்ததாரர் சம்பளம் தராமல் விட்டால் முதன்மை நிறுவனம்தான் தர வேண்டும் என்ற விதி 1970-ம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது.

பி.எஃப். பிடிக்கிறார்களா, யு.ஏ.என். எண் வந்ததா? தொழிலாளி 12% போட்டால் நிறுவனமும் 12% போட வேண்டும். மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி பங்கு 0.75%, நிறுவனத்தின் பங்கு 3.25%. அந்த அட்டை இருந்தால் அப்பா அம்மாவுக்கும் மருத்துவம் கிடைக்கக்கூடும். 18 வயதில் இதெல்லாம் யாருக்கும் தோன்றாது. கேட்டுச் சொல்ல வேண்டிய வேலை உங்களுடையது.

தங்குமிடத்தையும் கேளுங்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் பெண் ஊழியர்கள், விடுதிச் சாப்பாட்டில் பலர் நோய்வாய்ப்பட்டதை எதிர்த்து நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு ஊழியர் விடுதிகள் பற்றிய பேச்சே மாறியது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு ரூமில் எத்தனை பேர், தண்ணீர் எப்படி, நைட் ஷிப்ட் முடித்து வர வண்டி உண்டா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நடுவில் ஒரு வழி இருக்கா?

இருக்கிறது. அதைப் பற்றித்தான் நம் வீடுகளில் குறைவாகப் பேசுகிறோம். "டிகிரி" என்ற சொல்லுக்கு இருக்கும் கௌரவம் "ஐ.டி.ஐ." என்ற சொல்லுக்கு இல்லை. பொண்ணு பார்க்கப் போகும்போது இடிக்கும் என்பார்கள். அந்தக் கௌரவத்துக்கு வீடு கொடுக்கும் விலையை மேலே பார்த்தோம்.

அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. தகுதி இருந்தால் மேலே சொன்ன 1,000 ரூபாயும். ஒரு வருஷப் பிரிவும் இருக்கிறது, இரண்டு வருஷப் பிரிவும் இருக்கிறது. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, சி.என்.சி. இயந்திரங்களோடு புதிய பயிற்சி மையங்கள் அமைக்க 2022-ல் அரசு ஒப்பந்தம் போட்டது. பத்தாம் வகுப்போடு வந்து ஐ.டி.ஐ. முடித்தவர், தமிழ், ஆங்கிலத் தாள்களை எழுதித் தேறினால் பிளஸ் 2-க்கு இணையான சான்றிதழும் வாங்கலாம்.

அதற்கு அடுத்தது அப்ரண்டிஸ் பயிற்சி. 1961-ம் ஆண்டுச் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தொழில் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 2019-ல் திருத்திய விதிகளின்படி குறைந்தபட்ச உதவித்தொகை ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. ஓசூர் ஆபரேட்டர் சம்பளத்தைவிடக் குறைவுதான். ஆனால் ஒரு வருஷம் முடித்தால் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். ரயில்வேயும் பல பொதுத்துறை நிறுவனங்களும் ஆள் எடுக்கும்போது அதற்கு மதிப்பு தருகின்றன. ஆபரேட்டராக ஒரு வருஷம் கழித்தால் கிடைப்பது சம்பளம் மட்டும்.

டிப்ளமோ பாதையைப் பாருங்கள். பிளஸ் 2-வில் உரிய பாடம் எடுத்தவரோ ஐ.டி.ஐ. முடித்தவரோ பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு வருஷத்தில் டிப்ளமோ. அதை வைத்து வேலைக்குப் போகலாம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இந்தப் பாதையில் எந்தக் கட்டத்தில் நின்றாலும் கையில் ஒரு தகுதி இருக்கும். மூன்று வருஷ டிகிரியில் இரண்டாம் வருஷத்தில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் நின்றுவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. விலை நிலையில்லாத வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரியது.

"வேலை பாத்துக்கிட்டே டிப்ளமோ குடுக்கறோம்" என்று சில கம்பெனிகளும் அழைக்கின்றன. நல்ல ஏற்பாடாக இருக்கலாம். சான்றிதழ் தருவது யார், அதற்கு ஏ.ஐ.சி.டி.இ. அல்லது யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிட்டுச் சேரச் சொல்லுங்கள்.

பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பலமும் இருக்கிறது, அவர்களே அதைப் பெரிதாக நினைப்பதில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பழகியவர்கள் இங்கே நிறைய. பெங்களூரில் ஒரு ஷோரூமிலோ, ஆஸ்பத்திரியிலோ, சர்வீஸ் சென்டரிலோ இரண்டு மூன்று மொழி பேசும் டெக்னீஷியனுக்கு மதிப்பு உண்டு. பயோடேட்டாவில் எழுதச் சொல்லுங்கள்.

கடன் வாங்கித்தான் ஆகணும்னா?

நகையை வைப்பதற்கு முன், கந்துவட்டிக்குப் போவதற்கு முன், வங்கிக் கல்விக் கடனைக் கேளுங்கள். நாலு லட்சம் வரை நம் பங்காக முன்பணம் போட வேண்டாம். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழில்முறைப் படிப்புகளுக்கு, படிக்கும் காலமும் அதன் பிறகு ஒரு வருஷமும் வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் இருக்கிறது. கல்லூரிக்கு உரிய தர அங்கீகாரம் இருக்க வேண்டும். கடனை வாங்கிவிட்டு வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் ஏராளம். வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்தாயா என்று கேட்டு ஒரு மெசேஜ் போட்டால் போதும், பல ஆயிரம் மிச்சமாகும்.

போனில் என்ன கேட்கலாம்?

அடுத்த முறை அந்த அழைப்பு வரும்போது பதிலோடு தொடங்காமல் கேள்வியோடு தொடங்கலாம். வீட்டில் மாதத் தவணை எவ்வளவு? அடுத்த ஆறு மாதத்துக்கு அவன் சம்பளம் இல்லாமல் ஓடுமா? ஓடாது என்றால், நீங்களும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து மாதம் ஆளுக்கு ஆயிரம் போட முடியுமா? முடிந்தால் அந்தத் தொகை பல சமயம் முடிவையே மாற்றும். முடியாவிட்டால் ஓசூர் போகட்டும். போகும்போதே எந்த வருஷம் எந்தப் படிப்பில் திரும்பச் சேரப் போகிறான் என்று பேசிவிடுங்கள். இல்லையென்றால் சம்பளத்தின் முதல் வருஷத்தில் பைக் தவணை வந்துவிடும், அதற்குப் பிறகு படிப்பு வராது.

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஜூனில் கூட்டம் தாங்காது. விண்ணப்பத்தில் கொடுக்கும் போன் நம்பர் உங்களுடையதாக இருந்தால் ஓ.டி.பி. வரும்போது நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள். அதனால் பிள்ளையின் நம்பரையே கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒருவேளை அந்த போனில் வரும் செய்தி "ஒரு பாடம் போயிடுச்சு" என்பதாக இருந்தால், அவசரப்பட்டு மூட்டை கட்ட வேண்டாம். துணைத் தேர்வு ஜூன், ஜூலையிலேயே வந்துவிடும். அதில் தேறினால் அதே வருஷம் சேரலாம். அரசுக் கலைக் கல்லூரிகளில் சில பிரிவுகளில் இடம் காலியாக இருப்பது வழக்கம். பிளஸ் 2-வுக்குப் பிறகு எங்கும் சேராதவர்களைத் தேடி நான் முதல்வன் திட்டத்தில் 'உயர்வுக்குப் படி' முகாம்களும் மாவட்டத்தில் நடக்கின்றன. எப்போது, எங்கே என்று பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்கலாம், அல்லது 14417-க்கு அழைக்கலாம்.